வயர் இல்லாத மீடியா கீபோர்ட்: வாங்குவது முதல் இன்னொருவர் கைக்கு மாற்றுவது வரை

டிவியில் யூடியூப்பைத் திறந்து, ரிமோட்டின் அம்புக்குறியை எழுத்தெழுத்தாக நகர்த்தி ஒரு பெயரைத் தேடிப் பார்த்தவர்களுக்கு மீடியா கீபோர்ட் எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. சாதாரண கீபோர்டின் எழுத்துகளோடு ஒலி கூட்ட, குறைக்க, நிறுத்த, ஓடவிட, முகப்புக்குப் போக என்று தனி விசைகள் இருக்கும். பெரும்பாலும் வலப்பக்கத்தில் விரலால் தடவும் டச்பேடும் இருக்கும். மடியில் வைத்துக்கொண்டு முழு வேலையையும் முடிக்கலாம்.

ஆனால் பலரும் இதை ஒரு பெரிய ரிமோட் என்று நினைத்துப் பாவிக்கிறார்கள். ரிமோட் அனுப்புவது "அடுத்த சேனல்" என்ற தகவலை மட்டும்தான். கீபோர்ட் உங்கள் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் காற்றில் அனுப்புகிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சுவருக்குச் சுவர் ஒட்டிய தொடர்மாடியில் இருப்பவர்கள் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துத்தான் வாங்க வேண்டும், பொருத்த வேண்டும்.

முதலில்: எந்த வகை வேண்டும்?

இரண்டு வகை உண்டு. ஒன்று, நகத்தளவு யூஎஸ்பி ரிசீவரோடு வருவது. மற்றது புளூடூத். இரண்டும் ஓடுவது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில்தான். ஆனால் பாவனையில் நிறைய வித்தியாசம்.

ரிசீவர் வகை எந்த யூஎஸ்பி துவாரத்தில் செருகினாலும் உடனே வேலை செய்யும். கணினி விண்டோஸுக்குள் போவதற்கு முன்னால் வரும் பயோஸ் திரையிலும் அநேகமாக வேலை செய்யும். குறை என்னவென்றால், அந்தக் குட்டி ரிசீவர் தொலைந்தால் பல மாடல்களில் கீபோர்டே வீண். புளூடூத் வகைக்கு ரிசீவர் தேவையில்லை. போன், டிவி, மடிக்கணினி மூன்றுக்கும் மாறி மாறிப் பாவிக்க வசதி. ஆனால் உங்கள் டிவியில் புளூடூத் இருக்க வேண்டும். இருந்தாலும் அது ஹெட்போனை மட்டும் ஏற்று, கீபோர்டை ஏற்காத டிவிகளும் உண்டு. வாங்கப் போக முன் டிவியின் மாடல் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

கணினியை டிவியோடு எச்டிஎம்ஐ வயரில் இணைத்துப் பார்ப்பவர்களுக்கு ரிசீவர் வகை நல்லது. கூகுள் டிவி அல்லது ஆண்ட்ராய்ட் டிவி வைத்திருப்பவர்களுக்குப் புளூடூத் வசதி. இரண்டும் சேர்ந்த மாடல் கிடைத்தால், கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுக்கலாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விலை குறைந்தவை கிடைக்கும். எங்கே வாங்கினாலும் "அண்ணை, பெட்டியைத் திறந்து ஒருக்கால் போட்டுக் காட்டுங்கோ" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். பெட்டிக்குள் ரிசீவரைக் காணவில்லை என்றால் பதற வேண்டாம். பல மாடல்களில் அது பற்றரி மூடிக்குள் ஒரு சின்னக் குழியில் செருகியிருக்கும். பெட்டியோடு குப்பைக்குப் போகும் ரிசீவர்கள் ஏராளம்.

பெட்டியின் பின்பக்கத்தை வடிவாக வாசியுங்கள். "ஏஇஎஸ் 128 பிட்" என்றோ மறைகுறியாக்கம் (அடிக்கும் எழுத்தை மற்றவர் வாசிக்க முடியாதபடி மாற்றி அனுப்புவது) உள்ளது என்றோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கையடக்கமான, பின்னொளி எரியும் மலிவு மினி கீபோர்ட்களில் இதைப்பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. பாட்டுத் தேட அவை போதும். கடவுச்சொல் அடிக்க நான் அவற்றைப் பாவிக்க மாட்டேன்.

லொஜிடெக் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. அவர்களின் பழைய ரிசீவர் யூனிஃபையிங். அதில் ஒரே நேரத்தில் ஆறு கருவிகள்வரை இணைக்கலாம். 2021 இல் வந்தது போல்ட். இரண்டும் ஒன்றையொன்று ஏற்காது. வீட்டில் ஏற்கெனவே யூனிஃபையிங் ரிசீவர் இருக்கிறது என்று நினைத்து போல்ட் கீபோர்டை மட்டும் வாங்கி வந்தால் இணையாது. பாதுகாப்பைப் பொறுத்தவரை போல்ட்தான் மேல்.

விசைகளின் அமைப்பையும் பாருங்கள். ஷிஃப்டோடு 2 ஐ அழுத்தினால் வருவது மின்னஞ்சலில் போடும் அட் குறியா, இரட்டை மேற்கோளா? அமெரிக்க அமைப்பில் அட் குறி, பிரித்தானிய அமைப்பில் மேற்கோள். கீபோர்டில் அச்சிட்டிருப்பது ஒன்றும் கணினியில் தெரிவாகியிருப்பது இன்னொன்றுமாக இருந்தால், எழுத்துகள் எல்லாம் சரியாக வரும், கடவுச்சொல் மட்டும் பிழை என்று வரும்.

ரிசீவர் வகையைப் பொருத்துதல்

பற்றரியைப் போடுங்கள். புதுப் பற்றரிப் பெட்டியில் பிளாஸ்டிக் நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அதை இழுத்து எடுங்கள். பக்கத்திலோ மேலேயோ உள்ள ஸ்விட்சைப் போடுங்கள். ரிசீவரைச் செருகுங்கள். கணினி என்றால் அரை நிமிடத்தில் தானாகவே அடையாளம் கண்டுவிடும்.

இதுவரை எல்லாரும் செய்துவிடுவார்கள். சிக்கல் தொடங்குவது ரிசீவரைச் செருகும் இடத்தில்தான். "கீபோர்ட் சரியில்லை, எழுத்து விடுபடுகிறது, ஒரே எழுத்து நாலு தடவை விழுகிறது" என்று கடைக்குத் திரும்பிப் போகும் கீபோர்ட்களில் நிறைய நல்ல கீபோர்ட்கள்தான்.

சுவரில் மாட்டிய டிவியின் பின்புறத்தைக் கற்பனை செய்யுங்கள். உலோகத் தகடு, அதன்மேல் இரும்புச் சட்டம், அதற்குப் பின் கொங்கிரீட் சுவர். நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அங்கே போய் ரிசீவர் ஒளிந்திருக்கிறது. சோபாவில் இருந்து வரும் அலை டிவி முழுவதையும் தாண்டித்தான் அதைத் தொட வேண்டும். போதாததற்கு ஃபைபர் ரவுட்டரும் பியோ டிவி பெட்டியும் அதே மேசையில். ரவுட்டரின் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. மேல் மாடி, கீழ் மாடி, எதிர் வீடு எல்லாருடைய வைஃபையும் அங்கேதான். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் 2.45 கிகாஹேர்ட்ஸில். சோறு சூடாக்கும் நேரம் மட்டும் கீபோர்ட் திக்கினால் காரணம் அதுதான்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. யூஎஸ்பி 3.0 துவாரமே 2.4 கிகாஹேர்ட்ஸில் இரைச்சல் உண்டாக்கும். இன்டெல் நிறுவனம் 2012 இலேயே இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டது. உள்ளே நீல நிறமாக இருக்கும் துவாரம் பெரும்பாலும் யூஎஸ்பி 3. அதில் வெளி ஹார்ட்டிஸ்க் ஒன்று படம் ஓட்டிக்கொண்டிருக்க, பக்கத்துத் துவாரத்தில் ரிசீவர் இருந்தால் தடுமாறத்தான் செய்யும்.

இவ்வளவுக்கும் தீர்வு ஒரு சிறிய யூஎஸ்பி நீட்டிப்பு வயர். அரை மீற்றர் அல்லது ஒரு மீற்றர் போதும். அதன் நுனியில் ரிசீவரைச் செருகி, டிவியின் கீழ் விளிம்புக்கு வெளியே, சோபாவில் இருந்து கண்ணுக்குத் தெரியும்படி டேப்பால் ஒட்டிவிடுங்கள். கறுப்பு யூஎஸ்பி 2 துவாரம் இருந்தால் அதைப் பாவியுங்கள். ரவுட்டரை ஒரு மீற்றராவது தள்ளி வையுங்கள். டிவியையும் போன்களையும் 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றினால் கீபோர்டுக்கு இடம் கிடைக்கும். பெட்டியில் போட்டிருக்கும் 10 மீற்றர் தூரம் தடையே இல்லாத வெட்டவெளிக் கணக்கு.

டிவி ஸ்டாண்ட்பைக்குப் போனதும் யூஎஸ்பிக்கான மின்சாரத்தை நிறுத்திவிடும் டிவிகள் உண்டு. அப்படியானால் கீபோர்டால் டிவியை எழுப்ப முடியாது. அதற்கு ரிமோட்தான். இது கீபோர்டின் பழுது அல்ல.

புளூடூத் வகையை இணைத்தல்

1. கீபோர்டில் புளூடூத் குறி போட்ட விசையை, விளக்கு வேகமாக மின்னும்வரை அழுத்திப் பிடியுங்கள். 1, 2, 3 என்று எண் போட்ட விசைகள் இருந்தால் எது எந்தக் கருவிக்கு என்று முதலிலேயே முடிவெடுங்கள்.
2. விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் "புளூடூத் அண்ட் டிவைசஸ்", அதில் "ஆட் டிவைஸ்". கூகுள் டிவி என்றால் செட்டிங்ஸில் "ரிமோட்ஸ் அண்ட் அக்சஸரீஸ்".
3. திரையில் கீபோர்டின் பெயர் வந்ததும் தெரிவு செய்யுங்கள்.
4. ஆறு இலக்க எண் ஒன்று திரையில் தோன்றினால், அதைக் கீபோர்டிலேயே அடித்து என்டரை அழுத்துங்கள்.

நாலாவது படியில்தான் அநேகர் நின்றுவிடுகிறார்கள். எண்ணைத் திரையில் எங்கே அடிப்பது என்று கட்டம் தேட வேண்டாம். அடிக்கும்போது திரையில் எதுவும் அசையாமல் இருக்கலாம். பரவாயில்லை, அடித்து முடித்து என்டரை அழுத்துங்கள். அந்த எண் சும்மா சடங்கு அல்ல. இணைவது உங்கள் கையில் இருக்கும் கீபோர்ட்தான், பக்கத்து வீட்டுக் கருவி அல்ல என்பதற்கான உறுதி அது. தொடர்மாடியில் பட்டியல் நீளமாக வரும். யாரோ ஒருவரின் ஸ்பீக்கர், யாரோ ஒருவரின் கைக்கடிகாரம் எல்லாம் தெரியும். உங்கள் மாடல் பெயரை மட்டும் பார்த்துத் தொடுங்கள். நீங்கள் கேட்காமலே "இணைக்கவா?" என்று ஒரு பெட்டி திரையில் வந்தால் எப்போதும் வேண்டாம் என்றே அழுத்துங்கள்.

மீடியா விசைகள் ஏன் சொன்னபடி கேட்பதில்லை

எஃப்1 முதல் எஃப்12 வரையான விசைகளில்தான் பெரும்பாலும் மீடியா வேலைகளும் இருக்கும். ஒலியைக் கூட்ட அழுத்தினால் வேறேதோ திறக்கிறது என்றால் எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். நிரந்தரமாக மாற்ற பல மாடல்களில் எஃப்என்னும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்த வேண்டும்.

மடிக்கணினியை எச்டிஎம்ஐயில் டிவிக்குக் கொடுத்திருந்தால், கீபோர்டின் ஒலி விசை மாற்றுவது மடிக்கணினியின் ஒலியளவை. டிவியின் ஒலியளவு அப்படியே இருக்கும். கணினியில் நூறு வைத்துவிட்டு டிவி ரிமோட்டில் அளவோடு வைப்பது, அல்லது டிவியை ஒரு நடு அளவில் விட்டுவிட்டுக் கீபோர்டிலேயே கூட்டிக் குறைப்பது. இரண்டாவதுதான் வசதி. ஸ்மார்ட் டிவியில் நேரடியாகச் செருகினால் எழுத்துகள் பிரவுசரில் விழும், சில செயலிகளில் விழாது. அது அந்தச் செயலியைச் செய்தவர்களின் வேலை. கீபோர்டை மாற்றினாலும் தீராது.

தமிழில் அடிக்க

விண்டோஸில் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால், 2019 இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் தமிழ்99, அஞ்சல் என்ற தட்டச்சு முறைகள் இரண்டும் கூடவே இருக்கின்றன. பாமினி என்ற பழைய எழுத்துரு முறையில் பழகிய கைகள் இங்கே நிறைய. அவர்களுக்கு எ-கலப்பை என்ற இலவச மென்பொருள் உதவும். பாமினி முறையிலேயே அடிக்கலாம், விழுவது யுனிகோட் எழுத்தாக இருக்கும். விண்டோஸ் விசையும் ஸ்பேசும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

கடவுச்சொல் அடிக்க முன் மொழி ஆங்கிலத்தில்தான் நிற்கிறதா என்று பாருங்கள். புள்ளிகள் மட்டும் தெரியும் கட்டத்தில் எந்த மொழி விழுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

காற்றில் போகும் எழுத்துகள்

2016 இல் அமெரிக்காவின் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டது. முதலாவது மவுஸ்ஜாக். ரிசீவர் வகை மவுஸ்கள் பலவற்றின் ரிசீவருக்கு, சுமார் 100 மீற்றர் தூரத்திலிருந்து, மலிவான ஒரு யூஎஸ்பி கருவியைக்கொண்டு போலி விசை அழுத்தல்களை அனுப்பலாம் என்று காட்டினார்கள். அதாவது உங்கள் கணினியில் இன்னொருவர் தட்டச்சு செய்யலாம். இரண்டாவது கீஸ்னிஃபர். எட்டு நிறுவனங்களின் மலிவு கீபோர்ட்கள், அடித்த எழுத்தை எந்த மறைகுறியாக்கமும் இல்லாமல் அப்படியே அனுப்புவதைக் கண்டார்கள். சுமார் 75 மீற்றர் தூரத்தில் இருந்தே அதை வாசிக்கலாம். 75 மீற்றருக்குள் வெள்ளவத்தையில் எத்தனை வீடுகள் வரும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

புளூடூத்தும் இதற்கு விலக்கல்ல. 2023 டிசம்பரில் வெளியான ஒரு குறைபாட்டின்படி, புளூடூத் போட்டிருக்கும் ஆண்ட்ராய்ட் கருவியில், பக்கத்தில் இருக்கும் ஒருவர் தன்னைக் கீபோர்ட் என்று காட்டி, உங்கள் அனுமதி இல்லாமலே இணைந்து விசைகளை அனுப்ப முடிந்தது. ஆண்ட்ராய்ட் 11 முதல் மேலான பதிப்புகளுக்குத் திருத்தம் வந்தது. 10 க்கும் அதற்குக் கீழே உள்ளவற்றுக்கும் வரவில்லை. மலிவு டிவி பெட்டிகளில் பழைய ஆண்ட்ராய்ட்தான் அதிகம். செட்டிங்ஸில் "அபவுட்" பகுதிக்குப் போய்ப் பதிப்பையும் பாதுகாப்புத் திருத்தத்தின் திகதியையும் பாருங்கள். 2023 டிசம்பருக்கு முந்திய திகதி என்றால் அப்டேட் கொடுங்கள். அப்டேட் வராத பெட்டி என்றால் அதில் புளூடூத்தை நிறுத்திவிட்டு ரிசீவர் வகைக் கீபோர்டைப் பாவியுங்கள். முக்கிய மின்னஞ்சல் கணக்கை அந்தப் பெட்டியில் திறந்து வைக்கவும் வேண்டாம்.

பக்கத்து வீட்டு மாமா கருவியோடு காத்திருக்கிறார் என்று நான் பயமுறுத்தவில்லை. இப்படியான தாக்குதலுக்கு ஆள் கிட்ட இருக்க வேண்டும், விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் உண்மையில் நடப்பது இதைவிடச் சாதாரணமானது. ஹோலில் நாலு பேர் இருக்க, 55 அங்குலத் திரையில் கடவுச்சொல்லை அடிப்பது. அதனால் டிவியில் கணக்குத் திறக்க வேண்டியபோதெல்லாம், திரையில் வரும் கியூஆர் குறியைப் போனால் ஸ்கான் செய்து போனிலேயே உள்நுழையுங்கள். யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் இரண்டிலும் இந்த வசதி உண்டு. கடவுச்சொல் கீபோர்ட் பக்கமே வராது. வங்கி வேலை, கார்ட் இலக்கம் எல்லாம் போனில் மட்டும்.

கணினியோடு பாவிப்பவர்கள் கீபோர்ட் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்து ரிசீவருக்கான ஃபர்ம்வேர் (அதற்குள்ளேயே ஓடும் மென்பொருள்) அப்டேட் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். மவுஸ்ஜாக்கில் சிக்கிய ரிசீவர்கள் சிலவற்றுக்கு இப்படித்தான் திருத்தம் வந்தது. தேடலில் முதலில் வரும் ஏதோவொரு "டிரைவர்" தளத்தில் இறக்காதீர்கள். ரியூஷன் வகுப்பிலோ மண்டபத்திலோ புரொஜெக்டரோடு பாவிப்பவர்கள், முடிந்ததும் ரிசீவரைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். செருகியபடி விட்டால் அடுத்த வகுப்பின் திரையில் உங்கள் பைக்குள் இருக்கும் கீபோர்ட் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்.

கதிர்வீச்சு பற்றிக் கேட்பவர்களுக்கு: வீட்டுப் பாவனைக்கான வகுப்பு 2 புளூடூத் கருவியின் உச்ச வலு 2.5 மில்லிவாட். நாலாம் தலைமுறைப் போன் 200 மில்லிவாட்வரை போகும். மடியில் கீபோர்ட் இருப்பதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை.

பற்றரி

ஏஏ பற்றரி இரண்டில் ஓடுபவைதான் அதிகம். பழையதையும் புதியதையும் கலந்து போட வேண்டாம். ரீசார்ஜ் பற்றரி போடுவதென்றால் அது பெரும்பாலும் 1.5 வோல்ட் அல்ல, 1.2 வோல்ட். புதிதாகச் சார்ஜ் ஏற்றியும் "பற்றரி குறைவு" விளக்கு மின்னலாம்.

காலி வீதிக்குக் கடல் பக்கமாக இருப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். உப்புக் காற்று ஸ்பிரிங்கைப் பச்சை பிடிக்க வைக்கும். பற்றரி கசிந்திருந்தால் முனையைச் சுற்றி வெள்ளைப் பொரி மாதிரிப் படிந்திருக்கும். அதை வெறும் கையால் தொடாதீர்கள். அல்கலைன் பற்றரிக்குள் இருப்பது பொட்டாசியம் ஐதரொட்சைட்டு, தோலை அரிக்கும். கையுறை போட்டுப் பற்றரியை எடுத்துவிட்டு, காது துடைக்கும் பஞ்சுக்குச்சியில் ஒரு துளி வினாகிரி தொட்டு மெதுவாகத் தேயுங்கள். நுரைத்து இளகிவரும். பிறகு ஈரக் குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுத்தான் புதுப் பற்றரி. நல்லூர்த் திருவிழாவுக்கென்று குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போய்ப் பல நாள் நிற்பவர்கள் பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது.

உள்ளேயே லித்தியம் பற்றரி உள்ள மாடலைச் சாதாரண 5 வோல்ட் யூஎஸ்பியில் சார்ஜ் போடுங்கள். மெத்தையிலும் சோபா இடுக்கிலும் வைத்துச் சார்ஜ் போட வேண்டாம். கீழ்ப்பக்கம் புடைத்து மேசையில் ஆடத் தொடங்கினால் அன்றோடு பாவனையை நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் கொழும்பில் இடி இடிக்கும். அப்போது சார்ஜ் வயரையும் டிவி பிளக்கையும் கழற்றுங்கள். வயர் இல்லாத கீபோர்டால் ஆபத்து வராது, அதில் செருகிய வயரால் வரலாம்.

நாணய அளவுப் பட்டன் பற்றரி போட்ட மினி கீபோர்டும் ரிமோட்டும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம், அல்லது மூடி ஸ்க்ரூ போட்டதாக இருக்க வேண்டும். அதை விழுங்கினால் தொண்டைக்குள் இரண்டு மணித்தியாலத்திலேயே கடும் புண் உண்டாக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு நேரே கொண்டு போங்கள். விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

தேத்தண்ணி, எறும்பு, தூசி

தேத்தண்ணி சிந்தினால் ஸ்விட்சை நிறுத்தி, பற்றரியைக் கழற்றி, கவிழ்த்து வையுங்கள். ஒரு முழு நாளாவது காயட்டும். ஹேர் டிரையரின் சூட்டுக் காற்றை அடித்தால் விசைகளுக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் தாள் வளையும். சீனி போட்ட தேத்தண்ணி என்றால் காய்ந்த பிறகு எறும்பு தேடி வரும். விசையின் இடுக்குகளை 70 சதவீத ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைக்கலாம். நேரே தெளிக்கக் கூடாது.

இன்னொருவருக்குக் கொடுக்கும்போது

டிவியிலும் கணினியிலும் போனிலும் புளூடூத் பட்டியலில் அந்தக் கீபோர்டின் பெயரைத் தெரிவு செய்து "ஃபொர்கெட்" அல்லது "ரிமூவ்" கொடுங்கள். 1, 2, 3 விசைகள் இருந்தால் மூன்றையும் பாருங்கள். இரண்டாவதில் பழைய அலுவலகக் கணினி இன்னமும் இருக்கலாம். செய்யாமல் தம்பிக்குக் கொடுத்தால், அவர் உங்கள் வீட்டுக்கு வந்து அதைப் போடும்போது உங்கள் டிவி விழித்துக்கொள்ளலாம். ரிசீவரைக் கீபோர்டின் குழிக்குள் செருகி, பற்றரி இல்லாமல், மேலே டேப் ஒட்டிக் கொடுங்கள். யாருக்கும் வேண்டாம் என்றால் பற்றரியை வேறாக்கி, இலத்திரனியல் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.